என் கைக்கு எத்தனை புள்ளி?

டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பாத காலத்தில் குமணன்சாவடியில் நான் வாலிபால் ஆடியவன். ஸ்மாஷ் அடிக்க என்னைத்தான் தேடுவார்கள். ஒரு கோடையில் கிணற்றில் தலைகீழாகக் குதித்தேன், தண்ணீர் இறங்கியிருந்தது. கழுத்தில் ஆறாவது எலும்புப் பக்கம் தண்டுவடத்தில் அடி.

தண்ணீரில் கழுத்தைப் பறிகொடுத்தவன் நான் மட்டுமல்ல. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணித் தலைவியாக இருந்த ப்ரீத்தி ஸ்ரீனிவாசனுக்கு 1998-ல் புதுச்சேரிக் கடலில் நேர்ந்ததும் இதுதான். பிறகு திருவண்ணாமலையில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக ‘சோல்ஃப்ரீ’யைத் தொடங்கினார்.

கால் போனது பார்ப்பவர்களுக்குத் தெரியும். விரலும் போனது டம்ளரை நீட்டும்போதுதான் தெரியும். மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தாமாகக் கொஞ்சம் மடங்கும். அந்த மடக்கத்தில்தான் என் காபி.

வீல்சேர் பாஸ்கெட்பால் பார்க்கப் போனேன். ஆடியவர்களுக்குக் கைகள் இரும்பு. எனக்கோ முழங்கையை நீட்டும் தசை வேலை செய்யாது. பத்தடி உயரக் கூடைக்குப் பாதி வழியிலேயே பந்து விழுந்தது. “தம்பி, உனக்கு ரக்பிதான்” என்றார் ஒரு அண்ணன். கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

கேலியில்லை. 1970-களில் கனடாவின் வின்னிபெக்கில், பாஸ்கெட்பாலில் இடம் கிடைக்காத என் ஜாதிக்காரர்கள், கையும் காலும் பாதிக்கப்பட்டவர்கள், தங்களுக்காகவே உண்டாக்கிய ஆட்டம் இது. முதலில் வைத்த பெயர் ‘மர்டர்பால்’. 2000 சிட்னி பாராலிம்பிக்கிலிருந்து பதக்கம் உண்டு. 2024 பாரிஸில் தங்கம் ஜப்பானுக்கு. ஆண், பெண் ஒரே அணி. பந்து, வாலிபால் அளவுதான்!

கையும் உடம்பும் எவ்வளவு இயங்குகின்றன என்று சோதித்து ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை புள்ளி கொடுப்பார்கள். களத்தில் நால்வர், கூட்டினால் பொதுவாக 8-ஐத் தாண்டக் கூடாது. 3.5 ஆட்கள் இருவரை இறக்கினால் மிஞ்சுவது 1; அதாவது இரண்டு அரைப் புள்ளிக்காரர்கள் வேண்டும். இவர்கள் பந்தைத் தொடுவது குறைவு. நாற்காலியின் முன்னால் நீண்டிருக்கும் கம்பிச் சட்டத்தால் எதிராளியின் சக்கரத்தைக் கொக்கிபோட்டு நிறுத்துவார்கள். கபடியில் கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி. இயலாமையை அளந்து அணியில் இடம் தரும் இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இன்னொன்றும் இருக்கிறது. அடிபட்ட இடத்துக்குக் கீழே எங்களுக்குச் சரியாக வியர்க்காது. அதனால் ஆட்டத்தின் நடுவே வீரர்கள் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். மே மாதத்தில் “உடம்பு கொதிக்குதேடா கண்ணா” என்று அம்மா ஈரத்துண்டு போர்த்துவது இதற்குத்தான்.

இப்போதைக்கு என் களம் எங்கள் சந்து. கையுறையின் உள்ளங்கையில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறேன், பந்து வழுக்காது. பத்து விநாடிக்குள் ஒருமுறை பந்தைத் தரையில் தட்ட வேண்டும், இல்லை இன்னொருவருக்குத் தள்ள வேண்டும். அக்கா மகன் சத்தமாக எண்ணுவான். நேற்று ‘எட்டு’ சொல்லும்போது பந்து நழுவி எதிர்வீட்டு கேட்டுக்குள் போய்விட்டது.

“மாமா, அவுட்டா?”

“இதுல அவுட் கிடையாதுடா. போய் எடுத்துட்டு வா.”