பனிக்கடல் காத்த நாவாய்

எடுத்த செயலை முடிப்பதே வெற்றி என்பது உலகோர் கருத்து. எடுத்த செயல் முற்றிலும் முறிந்துபோன நிலையிலும், உடன்வந்தோர் உயிரைக் காத்து மீண்ட ஒருவரை வரலாறு இன்றும் போற்றுகிறது. அவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அவரைச் சுமந்து சென்ற 'எண்டியூரன்ஸ்' என்னும் நாவாய், மூழ்கி நூறு ஆண்டுகளுக்கு மேலான பின், 2022ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவின் வெடல் கடலடியில் கண்டறியப்பட்டது. அதனைக் கண்டறிய உதவியவை இக்காலக் கருவிகள் மட்டுமல்ல. பனிப்பரப்பின் மீது நின்று ஒரு மாலுமி குறித்துவைத்த சில எண்களுமே ஆகும்.

பயணத்தின் நோக்கம்

ஷாக்கிள்டன் 1909ஆம் ஆண்டிலேயே தென்துருவத்தை நெருங்கியவர். துருவம் இன்னும் ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவில் இருந்தபோது, கையிருப்பு உணவு திரும்பிச் செல்லப் போதாது என உணர்ந்து திரும்பிவிட்டார். 1911 டிசம்பரில் நார்வே நாட்டினரான அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தார். எஞ்சியிருந்த பெருஞ்செயல், அண்டார்க்டிகாக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நடந்து கடப்பதே என ஷாக்கிள்டன் கருதினார்.

நார்வேயில் கட்டப்பட்டு 1912இல் நீரில் இறக்கப்பட்ட, 44 மீட்டர் நீளமுள்ள மரக்கலம் ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். 'போலாரிஸ்' என்னும் அதன் பெயரை மாற்றி, 'தாங்கும் ஆற்றல்' எனப் பொருள்படும் 'எண்டியூரன்ஸ்' என்னும் பெயரைச் சூட்டினார். 1914 டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியாத் தீவிலிருந்து 28 பேருடன் கலம் தெற்கு நோக்கிப் புறப்பட்டது.

பனியின் பிடியில்

1915 ஜனவரியில், கரையை அடையும் முன்பே, வெடல் கடலின் மிதக்கும் பனிப்பரப்புக்குள் கலம் சிக்கிக்கொண்டது. பனி நகர்ந்த திசையிலேயே கலமும் நகர்ந்தது. நீண்ட இருள் கவிந்த குளிர்காலம் கழிந்தபின், நாற்புறமும் நெருக்கிய பனி அதன் பலகைகளைப் பிளந்தது. அக்டோபர் 27 அன்று, கலத்தைக் கைவிடுமாறு ஷாக்கிள்டன் ஆணையிட்டார். நவம்பர் 21 அன்று எண்டியூரன்ஸ் கடலுள் மறைந்தது.

கலத்தின் மீகாமன் பிராங்க் வொர்ஸ்லி, அது மூழ்கிய இடத்தைக் கணிக்க முற்பட்டார். செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியால் சூரியனின் உயரத்தை அளந்து அட்சக்கோட்டை அறியலாம். தீர்க்கக்கோட்டை அறியவோ துல்லியமான கடிகாரம் வேண்டும். கடிகாரம் 4 நிமிடம் பிழைபட்டால் கணக்கில் 1 பாகை பிழை நேரும். மாதக்கணக்கில் கரை காணாதவர்களின் கடிகாரங்கள் எவ்வளவு பிழைபட்டிருக்கும் என்பதை உறுதியாகக் கூற இயலாது. கலம் மூழ்கிய நாளில் மேகமூட்டத்தால் சூரியனும் தென்படவில்லை. எனவே, வானம் தெளிந்த நாள்களில் அளந்தவற்றையும், பனி நகர்ந்த திசை, விரைவு ஆகியவற்றையும் கொண்டு அவர் இடத்தைக் கணித்தார். தெற்கு 68 பாகை 39 கலை 30 விகலை. மேற்கு 52 பாகை 26 கலை 30 விகலை என்பது அவர் எழுதிவைத்த குறிப்பு. வீடு திரும்புவோமா என்பதே தெரியாத நிலையில், அவர் தம் கடமையைக் குறைவின்றிச் செய்தார்.

உயிர்காத்த பயணம்

அதன்பின் கண்டத்தைக் கடக்கும் எண்ணத்திற்கு இடமில்லை. அனைவரையும் உயிருடன் மீட்பதே ஷாக்கிள்டனின் ஒரே நோக்கமாயிற்று. மாதக்கணக்கில் பனிப்பரப்பின்மீதே தங்கிய அவர்கள், 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் ஏறி, மனிதர் வாழாத எலிபெண்ட் தீவை அடைந்தனர். அங்கே 22 பேரை விட்டுவிட்டு, ஐவரை உடன்கொண்டு, ஏழு மீட்டர் நீளங்கூட இல்லாத 'ஜேம்ஸ் கேர்டு' என்னும் படகில் ஷாக்கிள்டன் புறப்பட்டார். ஏறத்தாழ 1,300 கி.மீ. கொந்தளிக்கும் கடலை 16 நாள்களில் கடந்து தெற்கு ஜார்ஜியாவை அடைந்தனர். அப்பயணத்திற்கும் வழிகாட்டியவர் வொர்ஸ்லியே.

கரையேறிய இடமோ தீவின் ஆளில்லாப் பக்கம். ஷாக்கிள்டன், வொர்ஸ்லி, டாம் கிரீன் ஆகிய மூவர் பனிமலைகளை ஏறத்தாழ 36 மணி நேரம் நடந்து கடந்து, மறுபுறமிருந்த திமிங்கில வேட்டை நிலையத்தை அடைந்தனர். எலிபெண்ட் தீவினரை மீட்கும் முயற்சி மும்முறை பனியால் தடைபட்டது. நான்காம் முறை, சிலி நாட்டின் 'யெல்ச்சோ' என்னும் கப்பல், 1916 ஆகஸ்ட் 30 அன்று 22 பேரையும் மீட்டது. ஆயினும், கண்டத்தின் மறுபுறத்தில் இப்பயணத்திற்காக உணவுக் கிடங்குகளை அமைத்த குழுவினருள் மூவர் இறந்துபோயினர் என்பதையும் மறத்தலாகாது.

கடலடியில் தேடல்

வொர்ஸ்லியின் எண்கள் இருந்தும் நூறாண்டுக் காலம் எவராலும் கலத்தைக் காண இயலவில்லை. 3 கி.மீ. ஆழம் ஒரு தடை. மேற்பரப்பை மூடிய பனி மற்றொரு தடை. 2019இல் மேற்கொண்ட தேடலில், நீர்மூழ்கிக் கருவி பனிக்கடியில் தொலைந்துபோனது. 2022 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் பனியுடைப்புக் கப்பலான 'அகுல்லாஸ் 2' கேப்டவுனிலிருந்து மீண்டும் தேடிப் புறப்பட்டது. இம்முறை அனுப்பப்பட்ட ஆளில்லா நீர்மூழ்கிகள், மெல்லிய ஒளியிழை வடத்தால் கப்பலுடன் இணைக்கப்பட்டிருந்தன. அவை ஒலியலைகளைச் செலுத்தி, எதிரொலியைக் கொண்டு கடலடியின் உருவத்தை வரைந்தன.

மார்ச் 5 அன்று, 3,008 மீட்டர் ஆழத்தில் எண்டியூரன்ஸ் கண்டறியப்பட்டது. வொர்ஸ்லி குறித்த இடத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ நான்கு மைல் தொலைவில் அது நிமிர்ந்த நிலையில் இருந்தது. அந்நாள், ஷாக்கிள்டன் தெற்கு ஜார்ஜியாவில் அடக்கம் செய்யப்பட்டதன் நூறாம் ஆண்டு நிறைவு நாளுமாகும்.

பிற கடல்களில் மூழ்கிய மரக்கலங்களைக் கப்பற்புழுக்கள் அரித்துவிடும். மரங்களே வளராத அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த குளிர்ந்த கடலில் அப்புழுக்கள் வாழ்வதில்லை. ஆதலால், கலத்தின் சுக்கானைத் திருப்பும் சக்கரமும், பின்புறத்தில் வளைவாகப் பொறித்த பெயரும், அதன்கீழ் அமைந்த விண்மீன் வடிவமும் தெளிவாகக் காணப்பட்டன.

தொடாமல் அறிதல்

அண்டார்க்டிகா உடன்படிக்கையின்கீழ் எண்டியூரன்ஸ் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாகும். எனவே ஆய்வாளர்கள் அதிலிருந்து ஒரு சிறு பொருளையும் எடுக்கவில்லை. ஒளிப்படங்களையும் அளவீடுகளையும் மட்டுமே கொண்டு மீண்டனர். அவற்றைக்கொண்டு கலத்தின் முப்பரிமாண உருவம் உருவாக்கப்பட்டது. தட்டுகளும் ஒரு காலணியும் அதில் புலப்படுகின்றன.

எண்டியூரன்ஸ் தன் பெயருக்கேற்பப் பனியைத் தாங்கவில்லை. அதில் சென்ற மனிதர்கள் தாங்கினர். தமக்குப் பயன்படுமா என எண்ணாமல் வொர்ஸ்லி எழுதிய எண்கள், அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னும் பிறருக்கு வழிகாட்டின. செய்யும் பணியைச் செம்மையாகச் செய்தும், கண்டதை உள்ளவாறே பதிந்தும் வைப்போர், தாம் அறியாத தலைமுறைக்கும் துணை நிற்கின்றனர்.