நான்காவது இட்லி எங்கே போனது?



போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருப் பையன் ஒருவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். ரயில்வே மேம்பாலத்தில் ஏறி, மறுபக்கம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கியிருக்கிறான். கீழே வந்ததும் பிரேக்கின் ரப்பர் கட்டையைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். சூடாக இருந்ததாம்.

"நான் அடுப்புப் பக்கமே போகலையே மாமா, இந்தச் சூடு எங்கிருந்து வந்துச்சு?"

எவ்வளவு அருமையான கேள்வி! சூடு பட்டால் கையை உதற எல்லாருக்கும் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறவன்தான் விஞ்ஞானி.

"காலையில என்னடா சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"நாலு இட்லி. அதுக்கும் இதுக்கும் என்ன மாமா?"

இருக்கிறது கண்ணுகளா, நிறையவே இருக்கிறது. அதைக் காட்ட மேம்பாலம் போதாது, பெரிய மலை வேண்டும். சுடச்சுட வெயிலும் வேண்டும். வாருங்கள், அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வருவோம்.

வழுக்காத வழுக்குப்பாறை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் செம்பாறைப் பாலைவனம். கோடையில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே ஸ்லிக்ராக் என்ற புகழ்பெற்ற பாதை இருக்கிறது. அந்தப் பெயருக்கு வழுக்குப்பாறை என்று பொருள். 1969-இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்காகப் போட்ட பாதை அது. பிறகு மலைச் சைக்கிள்காரர்கள் உலகெங்கிலுமிருந்து தேடி வர ஆரம்பித்தார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 17 கிலோமீட்டர். தாரும் இல்லை, மண்ணும் இல்லை, பெரும்பாலும் வெறும் பாறை. வழி தவறாமல் இருக்கப் பாறை மேலேயே வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள்.

வழுக்குப்பாறை என்றால் சைக்கிள் சறுக்காதா? அதுதான் வேடிக்கை. சறுக்காது! அந்தக் காலத்தில் குதிரையில் வந்தவர்கள் வைத்த பெயர் அது. குதிரைக் குளம்பின் இரும்பு லாடம் அங்கே வழுக்கும். ரப்பர் டயரோ கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

காரணம், அந்தப் பாறை ஒரு காலத்தில் மணல்மேடு. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் காற்று குவித்த மணல், இறுகி இறுகிக் கல்லாகிவிட்டது. தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளைத் தொட்டிருக்கிறீர்களா? அதே சொரசொரப்பு. கடினமான லாடம் மணல்மணிகளின் உச்சியில் மட்டும் உட்காரும். மெத்தென்ற ரப்பர் இடுக்குகளிலும் இறங்கிக் கவ்விக்கொள்ளும். பாட்டி வீட்டு அம்மியைக் கொத்தி வைப்பது எதற்காக? மிளகாய் நழுவாமல் அரைபடத்தானே?

இன்னொரு தந்திரமும் உண்டு. மலைச் சைக்கிள் டயரில் காற்றைக் குறைத்துத்தான் வைப்பார்கள். பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு 30 வைக்கச் சொல்கிறோமே, இந்த டயருக்குப் பலர் 20, 25-தான் வைக்கிறார்கள். மாங்காயைத் தரையில் வைத்து அமுக்குங்கள், அமுங்காது. பழுத்த மாம்பழத்தை அமுக்குங்கள், கொஞ்சம் அமுங்கித் தரையோடு ஒட்டி உட்காரும். காற்றுக் குறைந்த டயர் மாம்பழம் மாதிரி. பாறையில் அதிக இடத்தைத் தொடும்.

இதுவரை புரிகிறதா? பிடிப்பு கிடைத்துவிட்டது. இனி ஏறலாம்.

ஏறும்போது மூன்று இட்லி

நீங்கள் சாப்பிடும் இட்லிதான் உங்களுக்குப் பெட்ரோல். நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு மலையேறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கின் பலமும் பெடலுக்குப் போகுமா?

போகாது. ஏறக்குறைய ஒரு இட்லியின் பலம்தான் பெடலைச் சுற்றும். மற்ற மூன்றும் உடம்புக்குள் சூடாக மாறிவிடும். உடம்பு கெட்டுப்போனதால் அல்ல. எல்லா மனிதர்களின் தசையும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஓடிப்பிடித்து விளையாடினால் முகம் ஜிவ்வென்று சிவந்து சுடுவது இதனால்தான்.

இந்த மூன்று இட்லிச் சூட்டை உடம்பு வெளியே தள்ளியாக வேண்டும். ஊட்டிக் குளிரில் அது சுலபம். சூடு தானாகவே காற்றுக்குப் போய்விடும். மோவாப் வெயிலில் என்ன செய்வது? வெளியே இருக்கும் காற்று நம் தோலைவிடச் சூடாக இருக்கிறதே! சூடு எப்போதும் அதிகச் சூடான இடத்திலிருந்து குறைந்த சூடுள்ள இடத்துக்குத்தான் போகும். அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

அப்போது திறப்பதற்கு ஒரே ஒரு கதவுதான் மிச்சம். அது என்ன? சமையலறை மூலையைப் பாருங்கள். ஆம், மண்பானை!

நடக்கும் மண்பானை

பானையின் நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் கசிகிறது. வெளிப்புறத்தில் அது ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே தண்ணீர் சில்லென்று ஆகிறது.

உங்கள் தோலும் ஒரு மண்பானைதான். வியர்வைதான் கசிவு. இப்போதே சோதித்துப் பாருங்களேன். இரண்டு புறங்கையிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் தடவுங்கள். ஒரு கையில் மட்டும் ஊதுங்கள். எந்தக் கை சில்லென்று இருக்கிறது? கெட்டிக்காரர்கள்!

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால், அது கொண்டுபோகும் சூடு எவ்வளவு தெரியுமா? நம் குழாயில் வரும் எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலை வரை சூடாக்கப் போதுமான அளவு. கடும் வெயிலில் மலையேறுபவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வியர்த்தால் மட்டும் போதாது, அது உலர வேண்டும். 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. அந்த வட்டாரத்துக் கோடை நம் கடற்கரை ஊர்களைப் போலப் புழுக்கமானது. காற்றில் ஏற்கெனவே நிறைய ஈரம். ஈரத் துண்டால் தரையைத் துடைத்தால் தரை காயுமா? அது மாதிரி, புழுக்கத்தில் வியர்வை சொட்டிக் கீழே விழுமே தவிர, சீக்கிரம் ஆவியாகாது. சொட்டி விழுந்த வியர்வை சூட்டைத் தூக்கிக்கொண்டு போகாது.

மோவாபில் நிலைமை நேர் எதிர். காற்று அப்பளம் போலக் காய்ந்திருக்கும். வியர்வை வந்த நொடியே மறைந்துவிடும். "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று நினைத்துத் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள். சட்டையில் பூத்திருக்கும் வெள்ளை உப்புக் கோடுதான் உண்மையைச் சொல்லும். உப்பும் சேர்ந்தே போவதால், தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் உள்ளே போக வேண்டும். பாட்டி கொடுக்கும் உப்புப் போட்ட நீர்மோர் சும்மா இல்லை!

காலுறைக்குள் தண்ணீர்ப் பை

பாறையில் போகும்போது இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தாக வேண்டும். பாட்டிலை எடுக்க ஒரு கையை விட்டால் ஆபத்து. என்ன செய்யலாம்?

டெக்சாஸ் மாநிலத்தில் கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டம் ஒன்று நடக்கும். 1980-களின் இறுதியில் அதில் கலந்துகொண்ட மைக்கேல் எய்ட்சன் அவசர மருத்துவ உதவியாளராக வேலை பார்த்தவர். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் பை இருக்கிறதல்லவா? அதில் தண்ணீர் நிரப்பினார். ஒரு நீளமான காலுறைக்குள் அதைப் போட்டார். சட்டையின் முதுகில் ஊக்கு குத்தி மாட்டினார். குழாயைத் தோள் வழியே முன்னால் கொண்டுவந்து உறிஞ்சிக்கொண்டே ஓட்டினார்! பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். இன்று மலைச் சைக்கிள்காரர்களில் பலருடைய முதுகில் அப்படி ஒரு தண்ணீர்ப் பை இருக்கிறது.

தண்ணீர் இருந்தாலும் உச்சி வெயிலில் போகக் கூடாது. கோடையில் விடியற்காலைதான் நல்ல நேரம். இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்றிருக்கிறீர்களா? பகலில் குடித்த வெயிலைத் தளம் அப்போதும் கக்கிக்கொண்டிருக்கும். பாறையும் அப்படித்தான். இரவு முழுக்கக் கக்கி முடித்து, சூரியன் வருமுன் ஓரளவு குளிர்ந்திருக்கும்.

இன்னொன்று. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பு இவையெல்லாம் உடம்பு அடிக்கும் பள்ளி மணி. மணி அடித்தால் என்ன செய்வோம்? அப்படியே நிறுத்திவிட்டு நிழலுக்குப் போக வேண்டும், பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று மட்டும் நினைக்கக் கூடாது.

இறங்கும்போது ஒரு இட்லி

சரி, மூன்று இட்லிக்குக் கணக்குத் தீர்ந்தது. பெடலைச் சுற்றிய அந்த நான்காவது இட்லி எங்கே?

அது உங்களை மலை உச்சிக்குத் தூக்கியிருக்கிறது. உயரமாக மாறி, உங்களோடு உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. இறங்க ஆரம்பித்ததும் அது வேகமாக மாறும். இப்போது பட்டத்துக்குக் கிடைப்பதைப் போல முகத்தில் ஜிலுஜிலுவென்று காற்று. வியர்வை சட்டென்று உலரும். பெடலைச் சுற்றும் வேலையும் குறைவு. ஏறும்போது கொதித்த உடம்பு இறங்கும்போது குளிர்கிறது.

ஆனால் பாறைப் பாதையில் வேகத்தை அப்படியே விட முடியுமா? பிரேக் பிடிக்கிறீர்கள். வேகம் குறைகிறது. குறைந்த வேகம் எங்கே போகும்? உள்ளங்கைகளைப் பரபரவென்று தேயுங்கள். தெரிகிறதா? சூடாக மாறிவிட்டது!

இந்தச் சூட்டின் பெயரிலேயே ஓர் இறக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபேக்ஸ் என்ற ஊரின் அருகே, மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்குள் 400 மீட்டர் இறங்கும் மலைப்பாதை அது. 1970-களில் சில இளைஞர்கள் பழைய குண்டு டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து அதில் இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி அங்கே முதல் பந்தயமே வைத்தார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய வகை பிரேக் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. அது பின்சக்கரத்தின் நடுவே, ஹப்புக்குள் மூடிக் கிடக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. 400 மீட்டர் இறக்கம். அதில் வெளிவரும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும்! காற்று தடுப்பதில் கொஞ்சம் போக, மீதியில் பெரும்பங்கு அந்தச் சின்ன ஹப்புக்குள் அடைபட்டது. உள்ளே இருந்த கிரீஸ் பொசுங்கிப் புகைந்தது. கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து, புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. நம் சைக்கிள் கடை அண்ணன் பால்ரஸைக் கழற்றிக் கிரீஸ் வைப்பாரே, அந்த வேலைதான். அதனால் அந்த இறக்கத்துக்கே ரீபேக் என்று பெயர் வந்துவிட்டது. மறுபடி அடை என்று பொருள்! அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் அடுத்த ஆண்டே, 1977-இல், மலைக்கென்றே புதிய சைக்கிளைத் தன் கையால் கட்டினார்.

இன்றைய மலைச் சைக்கிளில் பிரேக் எப்படி இருக்கிறது? சக்கரத்தின் பக்கத்தில் வெளியே தெரியும்படி ஒரு மெல்லிய எஃகுத் தட்டு. அதில் நிறைய ஓட்டைகள். காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் சூடு உடனுக்குடன் வெளியேறுகிறது. தேர்ந்தவர்கள் இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவதில்லை. ஒரு பிடி, ஒரு விடுப்பு. விடும் நேரத்தில் தட்டு ஆறிக்கொள்ளும்.

மண்பானைக்குத் துளை, தோலுக்கு வியர்வைத் துளை, பிரேக் தட்டுக்கும் ஓட்டை. மூன்றும் சூட்டுக்குத் திறந்த கதவுகள். கதவில்லாத பழைய ஹப் என்ன ஆனது என்று பார்த்தீர்கள் அல்லவா?

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சைக்கிளிடம் போனான். பிரேக் கட்டையை மறுபடி தொட்டுப் பார்த்தான். அது ஆறிப் போயிருந்தது.

"அப்போ மேம்பாலத்துல என் விரல்ல பட்ட சூடு, அம்மா போட்ட நாலாவது இட்லியா மாமா?"

"ஆமாண்டா கண்ணா, அதேதான்."

"இப்போ அது எங்கே?"

நான் சுற்றியிருந்த காற்றைக் காட்டினேன். அவன் மூக்கை உயர்த்தி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "சட்னி வாசனை வரலையே" என்றான்.