பழைய ஜீப்புக்குப் புது அச்சு

மலையடிவார ஊர்களில் வாழும் நம் அன்பர்கள் சிலரிடம் இன்றும் பழைய ஜீப் இருக்கிறது. ஏலத்தில் எடுத்தது, மாமனார் கொடுத்தது, ஆசைக்கு வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. "ஆக்ஸில் டூட் கயா" என்று மிஸ்திரி கைவிரித்த பிறகு, "முறியாத ஆக்ஸில் எங்கே கிடைக்கும்?" என்று என்னைக் கேட்கிறார்கள். முறியாத அச்சு என்று உலகில் எதுவும் இல்லை. முறிந்தால் சக்கரம் வண்டியோடு நிற்குமா, கழன்று ஓடுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அச்சு என்பதில் இரண்டு பகுதிகள் உண்டு. வெளியே தெரிவது கூடு. உள்ளே, டிஃபரன்ஷியலிலிருந்து இருபுறச் சக்கரங்களுக்கும் சுழற்சியைக் கொண்டு செல்பவை இரண்டு தண்டுகள். பெரும்பாலும் முறிவது தண்டுதான்.

1953-ல் வந்த வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பை மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பல ஆண்டுகள் தயாரித்தது. அதன் பின்னச்சு 'செமி ஃப்ளோட்டிங்' வகை. சக்கரத்தைச் சுழற்றுவது, வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஆகிய இரண்டு வேலையும் ஒரே தண்டுக்கு. தண்டின் நுனி கூம்பாக இருக்கும். அதில் ஹப்பைச் செருகி, சிறு சாவித்துண்டு வைத்து, பெரிய நட்டால் இறுக்கியிருப்பார்கள். நட்டு தளர்ந்தால் சாவி அறுபடும். பேரிங்குக்கு வெளியே தண்டு முறிந்தால் சக்கரமும் பிரேக் டிரம்மும் சேர்ந்தே போய்விடும்.

'ஃபுல் ஃப்ளோட்டிங்' வகையில் பாரத்தைக் கூட்டின் நுனியில் உள்ள பேரிங்குகள் தாங்குகின்றன. தண்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. அது முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். உடைந்த துண்டுகளை உருவிவிட்டு, முன்சக்கர இழுப்பில் மெதுவாக வீடு வந்து சேரலாம். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பில் இருந்தது இந்த வகைதான்.

பழைய வண்டிகளில் கைமாறக் கைமாறப் பாகங்களும் மாறியிருக்கும். ஆகவே புத்தகத்தை நம்பாமல் சக்கரத்தின் நடுவே பாருங்கள். பின் குத்திய பெரிய நட்டு ஒன்று இருந்தால் கூம்புத் தண்டு. வெளியே துருத்திய ஹப்பின் முகத்தில் சிறு போல்ட்டுகள் வட்டமாக இருந்தால் ஃபுல் ஃப்ளோட்டிங்.

அடுத்தது பலம். சிஜே-3பியின் ஹரிக்கேன் எஞ்சின் தரும் முறுக்கு சுமார் 155 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் 2.8 மடங்கு, லோ கியரில் 2.46 மடங்கு, டிஃபரன்ஷியலில் 5.38 மடங்கு. பெருக்கினால் ஏறக்குறைய 5,700! நான்கு சக்கரமும் பிடிப்போடு இருந்தால் இதைப் பங்கிட்டுக் கொள்ளும். டிஃபரன்ஷியல் லாக் பொருத்திய அச்சில் ஒரு சக்கரம் மட்டும் பாறையைப் பற்றினால், அந்த அச்சுக்கு வரும் முறுக்கு முழுவதும் அந்த ஒரு தண்டின் தலையில்தான். பெரிய டயரும் பாரத்தைக் கூட்டும். 28 அங்குல டயரை 31 ஆக்கினால், அதே பிடிப்பில் தண்டுக்கு வரும் முறுக்கு சுமார் 11 சதவீதம் அதிகம். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் மாட்டுவண்டிக்குச் சொன்னது ஜீப்புக்கும் பொருந்தும்.

தண்டின் முறுக்கு பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 30 மி.மீ. தண்டை 33 ஆக்கினால் பலம் 33 சதவீதம் கூடுகிறது. நுனியில் உள்ள பற்கள் எண்ணிக்கையில் அதிகமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் நடுப்பகுதி பருமனாக நிற்கும், அதுவும் நல்லது. ஆனால் பல் எண்ணிக்கை மாறினால் டிஃபரன்ஷியலின் உள் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும்.

உலோகத்தில் கவனம் தேவை. கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும் இஎன்-8 கம்பியை லேத்தில் கடைந்து அப்படியே கொடுத்துவிடுவார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும், மலையேறினால் முறுக்கிக்கொள்ளும். இஎன்-24 என்னும் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகில் செய்து, முறையாக வெப்பப் பதம் ஏற்றிய தண்டே நம்பத்தக்கது. பதம் ஏற்றியதற்குச் சான்று கேளுங்கள். விட்டம் மாறும் இடத்தில் கூர்மையான மூலையோ கீறலோ இருந்தால் வாங்காதீர்கள். விரிசல் அங்கேதான் பிறக்கும்.

வேறு வண்டியின் முழு அச்சைப் பொருத்துவோர் பல்விகிதத்தைப் பார்க்க வேண்டும். கிரவுன் சக்கரத்தில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் 5.38. 39-க்கு 8 என்றால் 4.88. முன்னச்சு ஒன்றாகவும் பின்னச்சு மற்றொன்றாகவும் இருந்தால், ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது உடைக்கும். மேலும், வில்லிஸ் வழி ஜீப்புகளில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். நடுவில் அமைந்த அச்சைக் கொண்டுவந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணலாகும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த ஜீப்புகளின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் தண்டு ஒன்று முறிந்தால் ஹேண்ட் பிரேக் வண்டியை நிறுத்தாது. ஏற்றத்தில் 'டக்' என்று சத்தம் கேட்டு வண்டி நகர மறுத்தால், கால் பிரேக்கை விடாமல் மிதித்தபடி, கூட வந்தவரை இறக்கி சக்கரத்துக்குக் கல் முட்டு கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டாம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனவே முழு அச்சை மாற்றுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

கையில் உள்ள பணம் குறைவென்றால் என் யோசனை இது: முதலில் பேரிங், சீல், பிரேக் ஆகியவற்றைச் சீராக்குங்கள். அடுத்து நல்ல எஃகில் தண்டு. வசதி இருந்தால் ஃபுல் ஃப்ளோட்டிங். பெரிய டயரும் லாக்கும் கடைசியில். கூம்புத் தண்டே போதும் என்பவர்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கிப் புதுப் பின் குத்தச் சொல்லுங்கள். மிஸ்திரிக்கு அது பத்து நிமிட வேலைதான்.