உள்ளத்தை அளக்கும் வினாக்கள்



ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, தம் நெஞ்சம் நெருக்கடிக்கு உள்ளாகிறது என மூஸா நபி (அலை) அவர்கள் இறைவனிடம் முறையிட்டதைத் திருமறையின் 26ஆம் அத்தியாயத்தில் ஓதியிருப்பீர்கள். மனத்துயரை நெஞ்சின் மேல் ஏற்றிச் சொல்வது அரபு மக்களின் தொன்றுதொட்ட வழக்கு. இன்றும் ஓர் இராக்கியத் தாய் தன் வேதனையை, ‘கல்பீ மக்பூள்’, அதாவது ‘என் இதயம் இறுகிப்போயிற்று’ என்றே உரைப்பாள்.

அத்தாய் போருக்குத் தப்பி அமெரிக்காவில் குடியேறினாள் எனக் கொள்வோம். அங்கே மருத்துவமனையில் மனநோயை அறியும் வினாத்தாள் ஒன்றைத் தருகிறார்கள். ஆங்கிலேயர் சோகத்தை நீலநிறத்தால் குறிப்பார்கள். அவர்களுடைய வினாத்தாள்கள் சிலவற்றிலும் அச்சொல் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் அரபியாக்கினால், ‘நீலமாக உணர்கிறாயா?’ என்றாகிவிடும். அவள் ‘இல்லை’ என்பாள். தாள் அவளை நலமுடையவள் என்று கூறும். அவளோ ஆறாத துயரத்துடன் வீடு திரும்புவாள்.

இக்குறையை உணர்ந்த ஆய்வாளர்கள் மிச்சிகன் மாநிலத்து டியர்பான் நகரில் 60 இராக்கிய அகதிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டனர். இந்தோசீன அகதிகளுக்கென முன்னர் உருவான ‘ஹார்வர்டு துன்ப வினாத்தாளை’ அக்கதைகளின் துணைகொண்டு இராக்கியருக்கு ஏற்பத் திருத்தி, 2007இல் வெளியிட்டனர். முதலில் செவிசாய்த்தார்கள், பின்னரே வினா எழுதினார்கள்.

மொழி மட்டுமன்று, வாழ்க்கை முறையும் விடையை மாற்றும். ஒன்பது வினாக்கள் கொண்ட ‘பி.ஹெச்.கியூ-9’ என்னும் தாள், கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், களைப்பு, பசி ஆகியவை எவ்வாறு இருந்தன என வினவுகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண் வரை உண்டு. கூட்டுத்தொகை பத்தை எட்டினால் மனச்சோர்வு இருக்கலாம் எனக் கருதி மேலும் ஆராய்வர். ரமளானில் ஸஹருக்கு எழுந்து, பகலெல்லாம் நோன்பிருப்பவர் மனச்சோர்வு ஏதுமின்றியே இம்மூன்றில் ஒன்பது வரை பெற்றுவிடக்கூடும்! ஆகவே நோன்புக் காலமா என்பதையும் கேட்டறிய வேண்டும். அரபியர் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். எனவே அதை ஊகிக்காமல் கேட்பதே முறை.

அத்தாளின் இறுதி வினா, இறந்துவிடுவதே மேல் என்ற எண்ணமோ, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணமோ எழுந்ததா என்பது. தற்கொலை ஹராம் என்றறிந்த பெண், உள்ளதை ஒப்புக்கொள்ள அஞ்சி மறுத்துவிடலாம். பள்ளி செல்லும் மகனே மொழிபெயர்ப்பாளனாக அருகில் நின்றால், எந்தத் தாய்தான் வாய் திறப்பாள்? தக்க பெண் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, தனிமையில், கனிவுடன் கேட்பதே அறம்.

வழிமுறை எளிது, பொறுமைதான் அரிது. ஒருவர் அரபியாக்க வேண்டும். மூலத்தைக் காணாத மற்றொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். பின்னர் அச்சமூகத்தார் சிலரிடம் படித்துக்காட்டி, ‘இதிலிருந்து என்ன விளங்கிக்கொண்டீர்கள்?’ எனக் கேட்க வேண்டும். ஏட்டு அரபி எல்லார்க்கும் எளிதன்று. இராக்கியரின் பேச்சு வேறு, மொராக்கோவினரின் பேச்சு வேறு.

வாசகர்களே! கேள்வி கேட்பதும் ஓர் அமானிதமே. விடையை விளங்கிக்கொள்ளும் கடமை கேட்பவரையே சாரும். துயருற்றவரும் தம் நிலையைத் தமக்குரிய சொற்களில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. நெஞ்சின் நெருக்கத்தை வெளியிடுவது ஈமானின் குறைவன்று. நபியொருவரே அதை இறைவனிடம் சொன்னார்கள் அல்லவா?