ஒரு லீற்றர் துறைமுகத் தண்ணீர்

முன்னாள் துறைமுக அமைச்சர் மர்ஹூம் அஷ்ரப் கண்ட கனவில், கிழக்கிலங்கையின் ஒலுவிலுக்குக் கப்பல்கள் வந்தன. டென்மார்க் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பரில் துறைமுகத்தைத் திறந்தார்கள். அன்று ஊரெல்லாம் கப்பலும் தொழிலும்தான் பேச்சு. இன்று அங்கே மீன்பிடிப் படகுகள்தான். அவற்றுக்கும் வழிவிடாமல் வாயை மணல் அடைக்கிறது. வடக்கே கரையைக் கடல் தின்கிறது.

இவை கண்ணால் காணும் இழப்புகள். எனக்குள்ள பயம் காணாததைப் பற்றியது. தூரத்துக் கடலிலிருந்து ஒரு மட்டி, படகின் அடியிலோ மண் தோண்டும் கப்பலிலோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

முன்பெல்லாம் அது பெருகிய பிறகே தெரியும். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அப்படித்தான் ஆனது. தென்னமெரிக்க மட்டி ஒன்று கழிமுகத்தில் பாய் விரித்ததுபோல் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடிவிட்டது. அங்குள்ள மீனவர்கள் அதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் டார்வினில் 1998 செப்டெம்பரில் பார்த்தபோது இல்லாத கறுப்புவரி மட்டி, ஆறே மாதத்தில் படகுத்துறையை நிறைத்திருந்தது. துறைகளை அடைத்து, குளோரினும் செப்புச் சல்பேற்றும் கொட்டி அழித்தார்கள். அடைக்கக்கூடிய துறை என்பதால் தப்பினார்கள்.

இப்போது முதலிலேயே உயிரைத் தேட வேண்டியதில்லை, அது உதிர்த்ததைத் தேடினால் போதும். செதில், சளி, கழிவு என்று எல்லா உயிரும் தண்ணீரில் மரபணுவை விடுகிறது. 2008இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் குளத்து நீரை மட்டும் வைத்தே அந்நிய எருதுத் தவளையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு லீற்றர் தண்ணீரை நுண்வடிதாளில் வடித்து, தாளில் தங்கியதைப் பிசிஆர் இயந்திரத்தில் பெருக்கிப் பார்ப்பார்கள். கொரோனாக் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே வகைச் சோதனைதான்.

ஒலுவில் தண்ணீரில் மணலும் சேறும் அதிகம். வடிதாள் சீக்கிரம் அடைபடும். போத்தலை மீன் ஐஸில் வைக்கக் கூடாது, அந்த மீனின் மரபணுவும் கலந்துவிடும். சூடான கடலில் மரபணு சில நாளில் சிதைந்துவிடும். கிடைத்தாலும் மட்டி உயிரோடு இருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்று சொல்லாது. ஆகவே, சுழியோடி இறங்கிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். ஆனால் எங்கே இறங்குவது என்பதை இந்தச் சோதனை காட்டிவிடும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். மாணவர்களே, மாதம் ஒருமுறை ஒரு போத்தலோடு துறைமுகத்துக்கு வாருங்கள். மீனவர்கள் உங்களைப் படகில் ஏற்றிச் செல்லட்டும்.