உப்புக்காற்றைத் தாங்குமா உங்கள் மாடி? ராயபுரம் முதல் எண்ணூர் வரை சிமென்ட் தளத்தை அழகாக்க சில யோசனைகள்!

'டெரஸ் மேக்ஓவர்' என்று மொபைலில் தேடினால், இரும்பு ஊஞ்சல், மரப்பலகைத் தரை, செயற்கைப் புல், மஞ்சள் விளக்குச் சரம் என்று படங்கள் வந்து குவியும். பார்க்க அழகுதான். ஆனால், அதே ஊஞ்சலைத் திருவொற்றியூர் கடற்கரையை ஒட்டிய மொட்டை மாடியில் மாட்டினால், இரண்டு மழைக்காலத்தில் சங்கிலி துரு உதிர்க்க ஆரம்பித்துவிடும்.

வடசென்னையில் கடல் தெருமுனையிலேயே இருக்கிறது. உப்புக்காற்றோடு துறைமுக லாரிகள் கிளப்பும் தூசியும் சேர்ந்துகொள்கிறது. எண்ணூர் பக்கம் போனால் நிலக்கரிச் சாம்பல் வேறு. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டாலும், வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இதையெல்லாம் தாங்குகிற அழகுதான் இங்கே செல்லுபடியாகும்.

முதலில் நிமிர்ந்து பாருங்கள்!

மாடியில் ஏதாவது செய்வதற்கு முன், கீழ்வீட்டுக்குள் போய்க் கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்புக் கறை, கம்பி ஓடும் திசையிலேயே நீளமான விரிசல், பூச்சு உப்பி நிற்பது... இவையெல்லாம் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்பதற்கான அடையாளங்கள். காற்றிலுள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்து சிமென்டுக்குள் இறங்கி, கம்பியை அரிக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் காரை பெயர்ந்து விழுகிறது. அப்படிப்பட்ட தளத்தின் மேல் டைல்ஸும் தொட்டிகளும் ஏற்றுவது ஆபத்து. விரிசலில் சிமென்ட் பாலைத் தடவி மறைத்தால் நோயும் மறைந்தே வளரும். பொறியாளரிடம் காட்டி, துருவைச் சுரண்டி முறையாகப் பழுதுபார்த்த பிறகு அழகுக்கு வரலாம்.

இன்னொன்று. தரையில் கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது சிமென்டையும் தின்னும், கம்பியை அரிக்கும் குளோரைடையும் உள்ளே இறக்கும். கடல் செய்யும் வேலையை நாமே செய்து கொடுப்பதுபோல! சோப்புத் தண்ணீரும் விறைப்பான பிரஷ்ஷும் போதும்.

தரையில் வெள்ளையாக உப்பு பூக்கிறதா? அதன் மேல் பெயின்ட் அடித்தால் பத்தை பத்தையாக உரியும். பூத்ததைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுத்துவிட்டு, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். புதிதாகப் பூச்சு வேலை செய்தால், உப்பு கரித்த போர் தண்ணீரில் சிமென்ட் குழைக்க விடாதீர்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். குடிக்கத் தகுந்த நீர்தான் கலவைக்கும் நல்லது.

மலிவில் அழகு

வாசல் தளத்துக்கும் திண்ணைக்கும் என் ஓட்டு ரெட் ஆக்சைடுக்குத்தான். அந்தச் சிவப்புப் பொடியே இரும்பின் துரு வகைதான். இனி துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை! வெயிலுக்கும் எளிதில் வெளுக்காது. கோலம் போட்டால் பளிச்சென்று எடுப்பாகவும் இருக்கும். மழை படும் இடமென்றால் வழவழவென்று இழைக்காமல் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்தால் பாட்டிகளுக்குத் தாங்காது.

மொட்டை மாடிக்கு உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதிக்கலாம். நடுவில் நீலத் துண்டுகளால் ஒரு மீனோ பூவோ அமைத்தால் அதுவே ஓவியம். தண்ணீர் தேங்காதபடி வாட்டம் சரியாக இருக்கிறதா என்று கொத்தனாரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அதற்கும் பட்ஜெட் இல்லையென்றால் சுண்ணாம்பு. வருஷா வருஷம் அடிக்க வேண்டும், ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் மே மாதத்தில் கீழ்வீட்டுச் சூடு குறையும். வெள்ளைக் கூரையின் இந்தப் பலனுக்காகவே தெலங்கானா அரசு 2023-ல் 'குளிர் கூரை' கொள்கையைக் கொண்டுவந்தது. செயற்கைப் புல் மட்டும் வேண்டாமே. வெயிலில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

செடிகளில் ரோஜாவுக்கு உப்புக்காற்று ஆகாது; இலை ஓரம் கருகும். காகிதப்பூ, நித்தியகல்யாணி, டேபிள் ரோஸ், கற்றாழை ஆகியவை தாக்குப்பிடிக்கும். அரளியும் நன்றாக வளரும், ஆனால் அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்க்கலாம். இலைகளில் படியும் தூசியை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். சங்குப்பூவையும் அவரையையும் படரவிட இரும்புக் கம்பி எதற்கு? மீனவர் வீடுகளில் கிழிந்துபோன நைலான் வலை கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். கடலிலேயே கிடந்த வலை. உப்பு அதை என்ன செய்யும்?

தொட்டிகளில் கவனம் தேவை. ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். தென்னை நார்க்கழிவு கலந்தால் எடை குறையும். தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ இருக்கும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் தளம் ஈரமில்லாமல் காயும்.

எவ்வளவு அலங்கரித்தாலும் வடகமும் கருவாடும் காயப் போடவும், துணிக்கொடி கட்டவும், கரன்ட் போன ராத்திரியில் பாய் விரித்துப் படுக்கவும் பாதி மாடியைக் காலியாக விட்டுவிடுங்கள். இல்லையென்றால் வீட்டில் சண்டை வரும்.