பவளத்தின் வர்ணம்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போகிறவர்கள், நடராஜரைத் தரிசிக்கும் அவசரத்தில், இடையே வரும் பரங்கிப்பேட்டையை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். வெள்ளாறு கடலோடு கலக்கும் அவ்வூரில்தான் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்ற மாதம் நம் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம்.

பொருட்காட்சிசாலையில் பவளப் பாறைத் துண்டுகளைக் கண்ட ஒரு சிறுமி, "பவளம் சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும், ஸார்? இது ஏன் எலும்புபோல் வெளுத்திருக்கிறது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. மாலையில் கோக்கும் செம்பவளம் வேறு சாதி. அதன் எலும்பே சிவப்பு. பாறை கட்டும் பவளத்தின் எலும்போ வெண்சுண்ணாம்பு. அதன் அழகெல்லாம் மேலே போர்த்த மெல்லிய சதையில் இருக்கிறது. அச்சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய வெளிச்சத்தில் உணவு சமைத்து, பெரும் பங்கை வீட்டுக்காரனுக்கே கொடுத்துவிடுகின்றன. இப்படிப்பட்ட குடித்தனக்காரர் நமக்கு வாய்ப்பார்களா? பழுப்பு நிறம் அவற்றினுடையது. பச்சை, நீலம், ஊதா முதலிய வர்ணங்கள், வெயிலின் கடுமையைத் தாங்கப் பவளம் தானே உண்டாக்கிக்கொள்ளும் புரதங்கள்.

மேல்நாடுகளில் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போர் இவ்விரண்டையும் சமன் செய்யவே பாடுபடுகிறார்கள். நீரில் உரச்சத்து மிகுந்தால் பாசி பெருகிப் பவளம் பழுப்பேறும்; அடியோடு இல்லாவிட்டால் வெளிறும். வெளிச்சம் குறைந்தால் நிறம் மங்கும். திடீரென்று கூடினாலோ பாசிகள் வெளியேறிவிடும். ஆகவே சுமார் 25 டிகிரி உஷ்ணத்தை மாறாமல் காத்து, வெளிச்சத்தை வாரக் கணக்கில் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். அவசரக்காரனுக்கு வர்ணம் கிட்டாது. நம் நாட்டிலோ 2001 முதல் பாறைப் பவளத்துக்குப் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைக் கடலிலிருந்து எடுத்துவந்து வளர்ப்பது குற்றம்.

தொட்டியின் உஷ்ணத்தை மனிதன் காக்கிறான். கடலிலே? மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. சில தேறின, பல மாண்டன. தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள்.

இங்கிலாந்தில் ஸவுத்தாம்ப்டன் பல்கலைக் கழகத்தார் 2020-ல் ஓர் அதிசயத்தை விளக்கினார்கள். சூடு மிதமாயிருந்தால், வெளுத்த பவளங்களில் சில வழக்கத்தைவிடப் பிரகாசமான வர்ணங்களைப் பூணுகின்றன. அது அலங்காரம் அன்று. வெயிலுக்குப் பிடித்த குடை. அதன் நிழலில், போன பாசிகள் மீண்டும் வந்து குடியேறலாம்.

திரும்பும் வழியில் அந்தச் சிறுமியிடம் இதைச் சொன்னோம்.

"அப்படியானால் வெளுத்தது பிழைக்குமா, ஸார்?"

"கடல் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், அம்மா."

"குளிருமா?"

அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம் அல்லவா?